பழவேற்காட்டுக் கைவினையும் பகிர்வும்

நிலத்தின் கருப்பொருள் இவையென வகுத்துக் கூறப் புகுந்த தொல்காப்பியனார், தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் செய்தொழிலையும் யாழையும் ஒரே நிரலில் வைத்து எண்ணினார். இந்நூற்பாவைத் தேர்வுக்கென நெட்டுருப் பண்ணிக் கடந்துவிடுவார் பலர். சிறிது நின்று நோக்குவார்க்கு அதன்கண் ஒரு பெரிய உண்மை புலப்படும். மரம் எவ்வாறு நிலத்தில் வேர்கொண்டுள்ளதோ, அவ்வாறே தொழிலும் இசையும் நிலத்தில் வேர்கொண்டுள்ளன என்பதே அது. கூடை முடைதலும், வலை பின்னுதலும், ஆடை நெய்தலும், ஏலேலோ பாடுதலும் ஊர்மக்களுக்கு வெறும் பொழுதுபோக்குகள் அல்ல. அவர்தம் வாழ்வின் உறுப்புகளே ஆகும்.

அங்ஙனமாயின் ஒரு வினா எழுகின்றது. இங்ஙனம் வேரூன்றிய கருப்பொருள்கள் தம் நிலம்விட்டுப் பெயர்ந்து, பிறர் கையையும் செவியையும் சென்று சேருங்கால் யாது நிகழ்கின்றது? கைவினையைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளுதல் நன்றேயாம். பகிரப்படாத கலை செய்தவனோடே மறையும். ஆயினும் பகிர்தல் வேறு, பறிகொடுத்தல் வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லை யாண்டுளது என்பதனைச் சென்னைக்கு வடபாலுள்ள பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னையினின்று கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் மீஞ்சூர் என்னும் ஊர் உளது. காஞ்சிமாநகரிற் போன்றே ஏகாம்பரநாதர்க்கும் வரதராசப் பெருமாளுக்கும் இங்குக் கோயில்கள் உண்மையின், இதனை 'வடகாஞ்சி' என்றும் வழங்குவர். மீஞ்சூரினின்று காட்டூர் வழியாக வடக்கு நோக்கிச் செல்லும் சாலை நம்மைப் பழவேற்காட்டிற் கொண்டு சேர்க்கும். பழவேற்காட்டு ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகைக்கு அடுத்தபடியாகப் பெரியது. இதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டில் அடங்கும்; தென்கோடி மட்டுமே நம் பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்தது. கிழக்கே சீரரிகோட்டைத் தீவு கடலை மறித்து நிற்க, ஆரணியாறு முதலியன நன்னீரைக் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புக, இருநீரும் கலந்த இவ்விடத்தில் இறாலும் நண்டும் மடவையும் மிகுதியாக வளர்கின்றன. பனிக்காலத்தில் பூநாரைகள் திரள்திரளாக வந்திறங்கும்.

இவ்வூர் இன்று சிற்றூரே எனினும், ஒருகாலத்தில் உலகறிந்த துறைமுகமாக விளங்கியது. செம்புரைக் கல்லாலாய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும், பழைய பள்ளிவாசல்களும், பறங்கியர் காலத்து மகிமை மாதா ஆலயமும் அதற்குச் சான்று பகர்வன. ஒல்லாந்தர் 1610-ஆம் ஆண்டில் இங்கு வணிக உரிமை பெற்று, 1613-இல் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். ஆங்கிலேயர் சென்னையிற் கால்கொள்ளுதற்கு ஏறத்தாழ முப்பதாண்டுகட்கு முன்னரே நிகழ்ந்தது இது. 1690-ஆம் ஆண்டுவரை சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர்க்குத் தலைமையிடமாக இருந்தது பழவேற்காடே. அவ்வாண்டில் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறியது. 1825-இல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் வசமாயிற்று.

ஒல்லாந்தர் இத்துணைத் தொலைவு கடந்து இங்கு வந்தது எதன்பொருட்டு? துணியின் பொருட்டேயாம். மலுக்குத் தீவுகளில் விளைந்த கிராம்பும் சாதிக்காயும் ஐரோப்பாவிற் பொன்னுக்கு நிகராக விலைபோயின. அவற்றை விளைவித்தோர் வெள்ளிக்காசைக் காட்டிலும் சோழமண்டலத்துச் சாயத்துணியையே பெரிதும் விரும்பினர். ஆகவே, ஈண்டுத் துணி வாங்கி, ஆங்குக் கொடுத்து, நறும்பொருள் கொள்வது ஒல்லாந்தர் வணிகமாயிற்று. பழவேற்காட்டைச் சூழ்ந்த ஊர்களின் தறிகள் அவ்வணிகத்திற்கு அச்சாணியாய் நின்றன.

இத்துணியின் சிறப்பு அதன் செந்நிறத்தில் இருந்தது. இம்பூறல் என்று வழங்கும் சிறு பூண்டின் வேரே அந்நிறத்தைத் தந்தது. அதனைச் சாயவேர் என்றே மக்கள் அழைத்தனர். அது கடற்கரை மணற்பாங்கில் விளைவது. படிகாரம் ஊட்டிய நூலைச் சாயவேர் நீரில் தோய்த்துக் காய்ச்சினால், பலமுறை துவைப்பினும் நீங்காத செந்நிறம் நூலிற் பற்றும். எத்தனை முறை தோய்ப்பது, எவ்வளவு நேரம் காய்ச்சுவது, எந்தக் கிணற்று நீர் உகந்தது என்பனவெல்லாம் ஏட்டில் இல்லை. சாயம் தோய்ப்பார் கைப்பழக்கத்தில் இருந்தன. மணலும் நீரும் பூண்டும் மனிதர் கையும் ஒன்றுகூடியே அந்நிறம் பிறந்தது. தொல்காப்பியனார் கூறும் கருப்பொருள் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

நிற்க. சாயமூட்டிய நூலைக் கட்டங் கட்டமாக நெய்த கைக்குட்டைகள் இங்கிலாந்து சென்றன. பழவேற்காட்டை மேனாட்டார் 'புலிக்காட்' என்றனர். அதனால் கைக்குட்டைக்கும் 'புலிக்கேட்' என்பதே பெயராயிற்று. ஊரின் பெயர் பொருளின் பெயராகி ஆங்கில அகராதியிலும் ஏறிற்று. கேட்போர்க்கு இது பெருமையாகத் தோன்றலாம். ஆனால் பின்னர் நிகழ்ந்ததை நோக்குமின். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காத்துலாந்து நாட்டுக் கிளாசுகோ நகரைச் சார்ந்த நெசவாளர் அக்கட்டங்களைப் பார்த்து, அவ்வண்ணமே தம் தறியில் நெய்து, அதே பெயரை இட்டு விற்கலாயினர். பழவேற்காட்டைக் கண்ணாலும் கண்டிராத கைகளில் 'புலிக்கேட்' உருவாயிற்று.

கிளாசுகோ நெசவாளரும் நம்மவரைப் போன்று கைத்தறியில் உழைத்த எளியோரே. அவர்மேற் பழிசுமத்துதல் நம் கருத்தன்று. கருதற்பாலது வேறொன்று. பொருள் சென்றது, ஊர்ப்பெயரும் சென்றது, ஆனால் நெய்தவன் இன்னான், சாயமிட்டவன் இன்னான் என்னும் செய்தி மட்டும் செல்லவில்லை. நெசவாளன் வணிகரிடம் முன்பணம் பெற்று, அவர் காட்டிய மாதிரித் துணிக்கேற்ப நெய்து கொடுத்தான். தன் துணியை யார் உடுத்தார் என்பதை அவன் அறியான். தன் உடையை நெய்தவர் யாரென்பதை உடுத்தவரும் அறியார். இடைநின்றோர் மட்டுமே இருபாலும் அறிந்தவர். ஒருவரையொருவர் அறியாதார்க்கிடையே நிகழ்ந்த இம்மாற்றில், மாதிரியைப் படியெடுத்த அன்றே முன்னவனைக் கைவிடுதல் எளிதாயிற்று. சாயவேருக்கும் அக்கதியே நேர்ந்தது. அதையொத்த செஞ்சாயப் பொருளாகிய அலிசரினை 1868-ஆம் ஆண்டில் செருமானிய வேதிநூலார் கிரேபே, லீபர்மன் என்னும் இருவர் நிலக்கரித் தாரினின்று செய்யக் கண்டனர். சின்னாளில் அது சந்தையை நிறைத்தது. தலைமுறை தலைமுறையாய் வந்த தோய்ப்புத்திறன் கேட்பாரற்றுப் போயிற்று.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியையும் ஈண்டு எடுத்துக்காட்டுதல் தகும். நம் கரையிலிருந்து சென்ற கட்டத்துணி மேற்கு ஆப்பிரிக்காவையும் அடைந்தது. நைசீரியா நாட்டில், நைசர் ஆறு கடலிற் கலக்கும் கழிமுகத் தீவுகளில் கலபாரி என்னும் மக்கள் வாழ்கின்றனர். நம் பழவேற்காட்டாரைப் போன்று நீரிடை வாழ்ந்து மீன்பிடிப்போரும் வாணிகம் செய்வோரும் ஆவர் அவர். சென்னைத் துணியை அவர் 'இஞ்சிரி' என்றழைத்து, தொட்டும் முகர்ந்தும் மெய்யான துணியையும் போலித் துணியையும் வேறுபிரித்தறிந்தனர். அம்மட்டோ! கலபாரிப் பெண்டிர் அத்துணியைக் கையிலெடுத்து, கூரிய கத்தியால் குறித்த சில நூல்களை மட்டும் அறுத்து உருவி, முன்னில்லாத புதிய கோலங்களை அதில் தோற்றுவித்தனர். 'பெலெத்தே பித்தே', அதாவது அறுத்த நூல் துணி, என்பது அதன் பெயர். குடும்பச் சடங்குகளில் அதனை உடுத்துவர்; முதியோர் இறந்தகாலை அவர் உடலைக் கிடத்தும் கட்டிலையும் அறையையும் அதுகொண்டு அணிசெய்வர்.

துணியை மாற்றிவிட்டனரே என்று நாம் வருந்துதல் வேண்டுமோ? வேண்டா. தமிழ்நாட்டுக் கை செய்ததன்மேல் ஆப்பிரிக்கக் கை தன் வினையைச் சேர்த்தது. முன்னதை அழித்து அதன் இடத்தைக் கொள்ளவில்லை. அதனை மதித்து, மேலும் வாங்கி, மேலும் வளர்த்தது. மெய்யான துணியே வேண்டும் என்று கலபாரியர் வற்புறுத்தியமையால் ஈண்டுத் தறிகளுக்கும் வேலை கிடைத்தது. கலை மாறாதிருத்தலே அதனைக் காத்தல் என்பார் கூற்றுப் பொருந்தாது. மாற்றம் கலையைக் கொல்வதன்று. செய்தவனை மறத்தலே கொல்வது.

இனி, இற்றை நாளைக்கு வருவோம். பழவேற்காட்டில் இன்று புகழ்பெற்ற கைவினை பனையோலை முடைதல் ஆகும். நெடுங்காலமாக இதனை இல்லத்துள்ளிருந்தே செய்து வந்தோர் பெரும்பாலும் இசுலாமியப் பெண்மக்கள். பின்னாளில் மீனவக் குடும்பத்து மகளிரும் இதனைக் கற்றுக்கொண்டனர். பெட்டி, தட்டு, கூடை, விசிறி, குழந்தைகளின் கிலுகிலுப்பை எனப் பலவகைப் பொருள்கள் இவர்தம் விரல்களினின்று பிறக்கின்றன.

அதன் செய்முறையை அறியாதார் விலையைக் கேட்டு முகஞ்சுளிப்பர். ஆதலின் அதனைச் சற்று விரித்துரைப்போம். முற்றிய ஓலை இதற்கு உதவாது. விரியாத குருத்தோலையே வேண்டும். பனையேறுவோர் ஒருவர் உயரத்திற் சென்று அதனைக் கொய்து இறக்குதல் வேண்டும். ஒரே மரத்தில் அடுத்தடுத்துக் குருத்தை வெட்டினால் மரம் மெலிந்துபோம்; ஆகவே அளவறிந்து கொய்வர். கொய்த குருத்தை விரித்து, வெளிறும்வரை வெயிலில் உலர்த்துவர். மழை பெய்யின் அது கறுத்துப் பாழாம். பின்பு நடுவேயுள்ள ஈர்க்கை நீக்கி, ஓலையை ஒரே அகலமுள்ள கீற்றுகளாக வகிர்வர். மயிரிழை பிசகினும் முடைந்த பெட்டி கோணிப்போம். வண்ணம் வேண்டிய கீற்றுகளைச் சாயம் கலந்த கொதிநீரிலிட்டு எடுத்து, நிழலில் உலர்த்துவர். முடையுங்கால் கீற்று முறியாதிருத்தற்பொருட்டு நீர் தெளித்துப் பதப்படுத்துவர். அடியை முதலில் முடைந்து, மூலையில் திருப்பி, சுவரை எழுப்பி, விளிம்பை மடித்துச் செருகி முடிப்பர். மூலை திருப்புவதே கடினம். தாய் மகளின் விரலைப் பிடித்துக் காட்டியே கற்பிக்கும் பகுதி அது.

இத்துணை வேலையும் சமையலுக்கும் குழந்தை வளர்ப்பிற்கும் இடையே நிகழ்வது. எனவே செலவான நேரம் எவ்வளவு என்பதை முடைந்தவளே கணக்கிட்டுச் சொல்ல இயலாது; கணக்கிடாமையாலேயே கூலியும் குறைகின்றது. நகரத்துக் கடையிற் காணும் விலைக்கும் அவள் கைக்கு வரும் தொகைக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குவோர் கேட்பதில்லை. முன்னைத் துணிவணிகத்தின் குறை இங்கும் தலைகாட்டுகின்றதன்றோ? நெகிழிக் கீற்றால் அதே வடிவில் கூடை செய்து மலிவாக விற்பார் இக்காலத்தும் உளர். கிளாசுகோவுக்குச் செல்ல வேண்டுவதில்லை; படியெடுப்பது அடுத்த தெருவிலேயே நிகழ்கின்றது. இந்நிலையில், "இதைக் கற்று என்ன பயன்?" என்று மகள் வினவின் தாய் யாது விடை கூறுவாள்? அவள் விடையிறுக்க இயலாத நாளில், மூலை திருப்பும் வித்தை அவ்வீட்டோடு முடிந்துவிடும்.

பாட்டின் நிலையோ இதனினும் நுட்பமானது. கரைவலை இழுக்குங்காலும் படகு தள்ளுங்காலும் பரதவர் பாடுவதை அம்பாப்பாட்டு என்பர். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். மற்றையோர் ஏலேலோ என ஏற்றுப் பாடுவர். அடியெடுப்பவர் குரல் எழும்போது கைகள் கயிற்றைப் பற்றும். மற்றவர் குரல் எழும்போது எல்லாக் கைகளும் ஒருங்கே இழுக்கும். தாளம் தவறின் வலை ஒருபால் கோணும். கோணினால் மீன் தப்பும். பாட்டு ஈண்டுச் செவிக்கு இன்பம் மட்டுமன்று. கயிறும் துடுப்பும் போல அதுவும் ஒரு கருவியே. இயந்திரப் படகு வந்த துறைகளில் இழுக்கும் வேலை குறைந்தது; குறையவே, பாடும் வாய்ப்பும் குறைந்தது.

கடற்கரைப் பாட்டு நகரத்தார் நாவில் ஏறியது புதிதன்று. இளங்கோவடிகள் கானல்வரியில் கோவலனையும் மாதவியையும் புகார்க் கடற்கரையில் அமர்த்தி, யாழோடு நெய்தல்நிலப் பாடல்களைப் பாடவைத்தார். அப்பாடல்களில் பரதவர் சேரியும் மீனுணங்கலும் வலையும் வந்தமைகின்றன. நெய்தல் வாழ்வைச் செந்தமிழிற் பகிர்ந்தளித்த அருஞ்செயல் அது. இக்காலத்தில் எவரும் கைப்பேசியில் மீனவர் பாட்டைப் பதிந்து, நொடியில் உலகெங்கும் பரப்பலாம். பரப்புவோர் பாடியவர் பெயரையும் ஊரையும் எந்தத் தொழிலின்போது பாடியது என்பதனையும் கூறாது விடின், அம்பாப்பாட்டு வெறும் இன்னோசையாகி நிற்கும். கயிற்றினின்றும் கையினின்றும் அறுபட்ட பாட்டை நாம் கேட்போம். ஆனால் எதைக் கேட்டோம் என்பதை அறியமாட்டோம்.

பகிர்தலின் இலக்கணத்தை இவ்வூரார்க்கு நாம் கற்பிக்க வேண்டுவதில்லை. அவரிடமே அது உளது. பழவேற்காட்டு மீனவர் சிலரிடையே 'பாடு' என்னும் முறை வழிவழியாக நிலவுகின்றது. இறால் மிகுதியாகக் கிடைக்கும் முகத்துவாரத்தை அடுத்த இடங்களில் வலைகட்டும் உரிமையை ஒருவரே என்றும் கொள்ளாது, முறைவைத்து மாறிமாறிப் பெறுவர். இன்று நல்லிடம் பெற்றவர் நாளை பிறர்க்கு விட்டுக்கொடுப்பர். இம்முறையும் குறையற்றதன்று, பாட்டுரிமை இல்லாத பிற சமூகத்தார்க்கும் உரிமையுடையார்க்கும் இடையே பூசல் எழுந்ததுண்டு. எனினும் அதன் உட்கருத்து நோக்கத்தக்கது. யார் பங்கு எது என்பதனை எல்லாரும் அறிந்திருத்தலே அங்குப் பகிர்வுக்கு அடிப்படை. பங்காளி இன்னார் என்று அறியாத இடத்திற் பகிர்வு என்னும் சொல்லுக்கே பொருளில்லை.

கைவினைஞரைக் காத்தற்கென அரசினரும் அறிஞரும் முயலாமலில்லை. கமலாதேவி சட்டோபாத்தியாயர் வழிகாட்ட, 1952-ஆம் ஆண்டில் அனைத்திந்தியக் கைவினை வாரியம் அமைந்தது. அது 2020-இல் கலைக்கப்பட்டது. ஈழநாட்டில் 1978-ஆம் ஆண்டு பனை அபிவிருத்திச் சபை தோன்றியது. ஊர்ப்பெயர் கொண்டு பிறர் போலிப் பொருள் விற்பதைத் தடுக்கும் புவிசார் குறியீட்டுச் சட்டம் இந்தியாவில் 1999-இல் இயற்றப்பட்டு, 2003 முதல் நடைமுறையில் உளது. மதுரைச் சுங்குடியும் பத்தமடைப் பாயும் அதன்கீழ்ப் பதிவுபெற்றன. 'புலிக்கேட்' கைக்குட்டையின் காலத்தில் இத்தகைய காப்பு இருந்ததில்லை. மேலும், தமிழக அரசு 2019 தொடக்கம் முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களைத் தடைசெய்தது. 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்டுதற்கு மாவட்ட ஆட்சியர் இசைவு வேண்டுமென அறிவித்தது. பனை நின்றாலன்றிக் குருத்தோலை ஏது? ஓலை இன்றேல் பெட்டி ஏது?

எனினும், சட்டம் காப்பது ஊரின் பெயரை, முடைந்தவள் பெயரையன்று. அதனைக் காத்தல் வாங்குவோர் கடமை. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தட்சிணசித்திரா என்னும் கலைக்கூடத்தில், கைவினைஞர் பார்வையாளர் முன்னமர்ந்து தம் தொழிலைச் செய்துகாட்டுவர். பொருளை மட்டுமின்றி அது பிறக்கும் முறையையும் செய்பவர் முகத்தையும் ஒருங்கே கண்டவர் விலையைப்பற்றி வேறுவிதமாக எண்ணத் தொடங்குவர். செய்வோரும் கொள்வோரும் நேர்நின்று ஒருவரையொருவர் அறிதலின் பயன் அதுவே.

மாணவ நண்பர்களே! நம்மால் ஆகத்தக்கது யாது? பெரும் பொருள் நம்மிடம் இல்லை. ஆயினும் எழுத்து நம்மிடம் உளது. மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் சென்னையினின்று மின்தொடர் வண்டிகள் நாள்தோறும் ஓடுகின்றன. விடுமுறைக் காலத்தில் நம்மிற் சிலர் அவ்வூர்கட்குச் சென்று, ஓலை முடைவாரிடமும் வலை பின்னுவாரிடமும் பாடுவாரிடமும் அமர்ந்து கேட்டு, அவர் கூறும் சொற்களை அவ்வாறே எழுதிக்கொள்ளலாம். கீற்றுக்கும் மூலைக்கும் விளிம்புக்கும் அவர் இட்டு வழங்கும் பெயர்கள் பலவற்றை நம் அகராதிகள் அறியா. அவற்றைத் தொகுத்தல் தமிழ் பயில்வார்க்கு உரிய பணியன்றோ? எழுதுமுன் அவர் இசைவைப் பெறுதல் வேண்டும். எழுதியதன் படியொன்றை அவரிடமே அளித்தல் வேண்டும். பாடியவரும் முடைந்தவரும் விரும்பினால் அவர் பெயரை ஏட்டின் தலையிற் பொறித்தல் வேண்டும். ஒரு பெட்டி வாங்கின், பேரம் பேசாது, முடைந்தவளிடமே விலையைக் கேட்டு அவள் கையிலேயே கொடுத்தல் வேண்டும்.

இவை சிறு செயல்களே. ஆயினும் முந்நூறு ஆண்டுகட்கு முன்னர்க் கப்பலேறிய துணியோடு இவை சென்றிருக்குமாயின், 'புலிக்கேட்' என்னும் சொல்லின் பின்னே நின்ற மனிதர் பெயர்களை இன்று நாம் அறிந்திருப்போம். அப்பெயர்களை இனி மீட்டல் இயலாது. ஓலை முடைவாரும் அம்பா பாடுவாரும் இன்றும் நம்மிடையே உளர். அவரைப் பெயர்சொல்லி அழைக்கும் வாய்ப்பு நமக்கு உளது.